ஐடியூன்ஸ் இல்லாமல் ஐபாட்: கொடைக்கானல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூஞ்சிக்கல் பக்கம் செல்போனும் கணினியும் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஐபாட் உற்பத்தி நின்று ஆண்டுகள் ஆகியும், மாதத்துக்கு இரண்டு மூன்று என் மேசைக்கு வந்துவிடுகின்றன. துபாய் மாமா கொடுத்தது, பங்களாவைக் காலி செய்துகொண்டு போனவர்கள் தோட்டக்காரருக்கு விட்டுப்போனது, பழைய சாமான் கடையில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கேள்வி மட்டும் ஒன்றுதான்: ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் இல்லாமல் இதில் பாட்டு ஏற்ற முடியுமா? முடியும். எப்படி என்பதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

ஐபாடைக் கணினியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரிகிறது. பாட்டுகளை உள்ளே போட்டேன், இடமும் நிறைந்தது. ஆனால் ஐபாடில் ஒரு பாட்டும் இல்லை என்கிறது. ஏன்?

ரேஷன் அட்டையில் பெயர் ஏறாத பிள்ளைக்கு அரிசி கிடைக்காதே, அதே கதைதான். பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது, பசியும் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் பார்ப்பது அட்டையை.

ஐபாடுக்குள் 'ஐபாட் கன்ட்ரோல்' என்று மறைத்து வைக்கப்பட்ட ஒரு கோப்புறை இருக்கிறது. அதனுள் 'மியூசிக்'. அதனுள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகப் பல கோப்புறைகள். பாட்டுகள் இவற்றில்தான் பிரித்துப் போடப்பட்டிருக்கும். பக்கத்திலேயே 'ஐடியூன்ஸ்' என்ற கோப்புறையில் 'ஐடியூன்ஸ் டிபி' என்று ஒரு கோப்பு. அதுதான் ரேஷன் அட்டை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது, பாடியவர் யார், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஐபாட் அதை மட்டுமே படிக்கும். நீங்கள் போட்ட பாட்டு வட்டில் கிடக்கிறது, அட்டையில் ஏறவில்லை.

ஆகவே வழி இரண்டுதான். ஐடியூன்ஸ் அல்லாத வேறொரு மென்பொருளைக் கொண்டு அட்டையில் பெயர் எழுதவைப்பது ஒன்று. அட்டையே கேட்காத மென்பொருளை ஐபாடுக்குள் ஏற்றிவிடுவது மற்றொன்று. கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கும்.

இப்படி ஏன் செய்தார்கள்? சும்மா போட்டால் பாடவேண்டியதுதானே?

2001 அக்டோபரில் முதல் ஐபாட் வந்தபோது அதில் 5 ஜிபி கொள்ளளவுள்ள சிறிய ஹார்டு டிஸ்க் இருந்தது. ஒவ்வொரு பாட்டையும் திறந்து பெயர் பார்த்துப் பட்டியல் போடச் சொன்னால் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும், பேட்டரி தீர்ந்துவிடும். பட்டியலைக் கணினியே தயார்செய்து கொடுத்துவிட்டால் ஐபாட் சட்டென்று திறக்கும். இந்த அளவுக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் 2007 முதல் வந்தவற்றில் அந்தப் பட்டியலுக்கு ஒரு முத்திரையும் போட்டுப் பூட்டினார்கள். அதற்குப் பேட்டரியைக் காரணம் சொல்ல முடியாது.

என்னிடம் இருப்பது எந்த ஐபாட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்பக்கத்தில் கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில் 'ஏ' என்று தொடங்கும் எண் இருக்கும். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஏ1136 என்றால் படம் காட்டும் ஐந்தாம் தலைமுறை. ஏ1238 என்றால் கிளாசிக். ஏ1051 என்றால் மினி. ஏ1137 என்றால் முதல் நானோ. மற்ற எண்களை இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். இதைப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள். ஒன்றுக்குச் சரிவரும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

விண்டோஸ் கணினி இருக்கிறது. ஐடியூன்ஸ் போட விருப்பமில்லை.

ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதற்கு 'ஐபாட் மேனேஜர்' என்று ஒரு துணைப்பகுதி உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஐபாடுக்கு அனுப்பு என்றால் பாட்டையும் நகலெடுத்து, அட்டையிலும் எழுதிவிடும். ஒலித்தரம் குறையாத, ஆனால் அளவில் பெரிய ஃபிளாக் வகைப் பாட்டு இருந்தால் போகும் வழியிலேயே ஐபாடுக்குப் புரியும் வகைக்கு மாற்றித் தரவும் அதை அமைத்துக்கொள்ளலாம். முகப்பைப் பார்த்தால் இருபது வருடத்துக்கு முந்தைய கணக்குப்பிள்ளை மென்பொருள் மாதிரி இருக்கும். அழகு பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், பழைய கணினியிலும் தடுமாறாமல் ஓடுகிறது.

ஐபாட் எந்த மென்பொருளிலும் தெரியவில்லை என்றால் அதை டிஸ்க் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரம் உள்ள வகைகளில் மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் வந்த நொடியில் விட்டுவிட்டு, நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்துப் பிடியுங்கள். முதல் தடவை யாருக்கும் வராது. மூன்றாம் தடவை வந்துவிடும்.

லினக்ஸ் மடிக்கணினி இருக்கிறது. அரசு கொடுத்தது.

அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. ரிதம்பாக்ஸ் என்ற பாட்டு மென்பொருளைத் திறந்து ஐபாடைச் செருகுங்கள். இடதுபக்கப் பட்டியலில் ஐபாட் வந்து நிற்கும். பாட்டுகளை இழுத்து அதன்மேல் விடுங்கள். ஜிடிகேபாட் என்று இன்னொன்றும் இருக்கிறது. பழையது என்றாலும் பட்டியலை நுணுக்கமாகத் திருத்த அதுதான் வசதி. இரண்டுக்கும் அடியில் வேலை செய்வது லிப்ஜிபாட் என்ற ஒரே நிரல் தொகுப்பு. அது இல்லையென்றால் இரண்டும் ஐபாடைக் கண்டுகொள்ளாது.

லினக்ஸில் ஏற்றினேன், எல்லாம் சரியாக நடந்தது. கேபிளைக் கழற்றினால் கிளாசிக்கில் 'பாட்டு இல்லை' என்கிறது.

மேலே சொன்ன முத்திரை விவகாரம் இதுதான். 2007 முதல் வந்த கிளாசிக்கும் மூன்றாம், நான்காம் நானோக்களும் பட்டியலை அப்படியே நம்புவதில்லை. ஒவ்வொரு ஐபாடுக்கும் தனியாக, ஆங்கில எழுத்தும் கலந்த 16 இலக்க எண் ஒன்று உண்டு. பட்டியலை எழுதும் மென்பொருள் அந்த எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டு ஒரு முத்திரையை வைக்க வேண்டும். முத்திரை பொருந்தவில்லை என்றால் ஐபாட் மொத்தப் பட்டியலையும் வெற்றுத்தாளாகப் பார்க்கும்.

லிப்ஜிபாட்டுக்குக் கணக்குப் போடத் தெரியும், எண்தான் தெரிய வேண்டும். வழக்கமாக அதுவே ஐபாடிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளும். சில நேரம் தவறிவிடுகிறது. அப்போது லினக்ஸில் யுஎஸ்பி கருவிகளின் விவரத்தைக் காட்டும் கட்டளையை (lsusb -v) ஓட்டி, ஐபாட் என்ற வரிக்குக் கீழே வரிசை எண் என்று இருக்கும் 16 இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபாட் கன்ட்ரோல் கோப்புறைக்குள் 'டிவைஸ்' என்று இருக்கும். அதற்குள் 'சிஸ்இன்ஃபோ' என்ற கோப்பைத் திறந்து, 'ஃபயர்வயர்கைடு' (FirewireGuid) என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி வைத்து, பூஜ்யம் எக்ஸ் போட்டு அந்த எண்ணை எழுதிச் சேமியுங்கள். பிறகு ஒரு பாட்டை மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஒன்று பாடினால் ஆயிரமும் பாடும். சென்ற மாதம் வில்பட்டியிலிருந்து வந்த ஒரு பையன் எட்டை 'பி' என்று பார்த்து எழுதிவிட்டு இரண்டு நாள் போராடினான். எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள்.

ராக்பாக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

அட்டையே கேட்காத கடை. 2001-இல் ஆர்க்கோஸ் என்ற வேறொரு பாட்டுக் கருவிக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பின்னர் ஐபாடுக்கும் வந்தது. இதை ஐபாடுக்குள் ஏற்றிவிட்டால் சாதாரண பென் டிரைவில் போடுவதைப் போலக் கோப்புறை கோப்புறையாகப் பாட்டைப் போடலாம், அதே கோப்புறையைத் திறந்து கேட்கலாம். எம்பி3 மட்டுமல்லாமல் ஃபிளாக், ஆக், ஓபஸ் எல்லாம் பாடும். என் சொந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடில் வருடக்கணக்காக இதுதான் ஓடுகிறது. எனக்குக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஓபஸ் என்பது முக்கியம். பண்ணைக்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை ஐபாடில் போட்டுத் தர முடியுமா என்றார். வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ் வகையில் இருக்கும், ஐபாடின் சொந்த மென்பொருளுக்கு அது புரியாது. ராக்பாக்ஸ் போட்டு, 'பேரன்' என்று ஒரே ஒரு கோப்புறை வைத்து எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சக்கரத்தைச் சுற்றவும் வேண்டாம், தேடவும் வேண்டாம்.

சக்கரம் உள்ள பெரிய ஐபாடுகளுக்கும், மினிக்கும், முதல் இரண்டு தலைமுறை நானோக்களுக்கும் ராக்பாக்ஸ் இருக்கிறது. திரை இல்லாத ஷஃபிள், தொடுதிரை உள்ள ஐபாட் டச் இரண்டுக்கும் கிடையாது. நிறுவுவதற்கு ராக்பாக்ஸ் யுடிலிட்டி என்று தனி மென்பொருள் தருகிறார்கள். அது கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் போதும். பழைய ஆப்பிள் மென்பொருள் அழியாது. ஐபாடை இயக்கும்போது ஹோல்டு பொத்தானைத் தள்ளி வைத்தால் பழையதற்கே போகலாம்.

ஒரு நிபந்தனை. மேக் கணினியில் தயார்செய்த ஐபாட் என்றால் வட்டு எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் இருக்கும், ராக்பாக்ஸுக்கு அது ஆகாது. ஃபேட்32 முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு எளிய வழி, யாராவது ஒருவரின் விண்டோஸ் கணினியில் உள்ள ஐடியூன்ஸில் செருகி 'ரீஸ்டோர்' செய்வது. ஐடியூன்ஸ் வேண்டாம் என்று தொடங்கி ஐடியூன்ஸிடமே போய் நிற்கிறோமே என்றால், ஆமாம், ஒரே ஒரு நாள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதிய பாட்டுப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

சக்கரம் உள்ள ஐபாடுகளில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்து நான் பார்த்ததில்லை. ராக்பாக்ஸில் தமிழ் எழுத்துள்ள எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வரும், ஆனால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி, திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளைகள் மாதிரி நிற்கும். படித்துவிடலாம், கண் வலிக்கும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

அதிலும் ஓர் உபத்திரவம் உண்டு. என்னிடம் வந்த ஓர் ஐபாடில் இளையராஜா ஐந்து பேராக இருந்தார். ஒன்றில் 'ஏ' ஒற்றை, ஒன்றில் இரட்டை, ஒன்றில் முன்னால் ஒரு 'ஐ' கூடுதல், ஒன்றில் நடுவில் இடைவெளி, ஒன்றில் வெறும் ராஜா. ஐபாடுக்கு இவர்கள் ஐவரும் தனித்தனி மனிதர்கள். இன்னும் மோசம், இணையத்தில் இறக்கிய பாட்டுகளில் ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயருக்குப் பதில் இறக்கிய தளத்தின் பெயர் இருக்கும். நானூறு பாட்டும் ஒரே ஆல்பமாக நிற்கும். மிகப் பழைய பாட்டுகளில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல் தெரிந்தால் பயப்படாதீர்கள். யுனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த தமிழ் அது. யுனிகோடாக மாற்றும் கருவியில் ஒட்டினால் படிக்கலாம்.

இவற்றையெல்லாம் ஐபாடில் ஏற்றும் முன்பு கணினியிலேயே திருத்துங்கள். விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் போதும். நூறு பாட்டை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பாடியவர் என்ற கட்டத்தில் ஒரே தடவை எழுதிச் சேமிக்கலாம். மழை பிடித்துக்கொண்ட ஒரு ஐப்பசி மாலையை இதற்கு ஒதுக்குங்கள். பாட்டு ஏற்றும் மென்பொருளைத் தேடி அலையும் பலர் இந்த வேலையைச் செய்வதே இல்லை; பிறகு ஐபாடைக் குறை சொல்கிறார்கள்.

ஐபாடில் இருக்கும் பாட்டுகளைக் கணினிக்கு எடுக்க முடியுமா?

எடுக்கலாம். கணினியில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு எஃப்00 முதலான கோப்புறைகளை அப்படியே நகலெடுங்கள். உள்ளே பார்த்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் பொருளில்லாத நான்கு ஆங்கில எழுத்துதான் பெயராக இருக்கும். பதற வேண்டாம், உண்மைப் பெயர் பாட்டுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. எம்பி3டேக்கில் மொத்தமாகத் திறந்து, உள்ளே இருக்கும் பெயரையே கோப்பின் பெயராக மாற்றச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

2009-க்கு முன் ஐடியூன்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் 'எம்4பி' என்று முடிந்தால் அவை பூட்டப்பட்டவை. ராக்பாக்ஸிலும் மற்ற மென்பொருள்களிலும் பாடாது.

நண்பர் கணினியில் செருகியபோது 'அழித்துவிட்டு ஒத்திசைக்கட்டுமா' என்று கேட்டது. என்ன சொல்வது?

வேண்டாம் என்று சொல்லுங்கள். உடனே சொல்லுங்கள். ஐடியூன்ஸ் ஒரு நேரத்தில் ஒரு கணினியின் பாட்டுத் தொகுப்போடு மட்டுமே ஐபாடைச் சேர்த்து வைக்கும். சரி என்றால் உங்கள் பாட்டெல்லாம் போய் நண்பரின் பாட்டுகள் குடிவரும். கடை தொடங்கும் முன்பு மலைக்குக் கீழே ஒரு கணினி மையத்தில் சார்ஜ் ஏற்றத்தான் கொடுத்தேன். அங்கிருந்தவர் கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஓகே' அழுத்தும் பழக்கமுள்ளவர். என் அப்பா பாடிய திருப்புகழ் பதிவுகள் அன்றைக்குப் போனவைதான்.

கணினியே இல்லை. செல்போன் மட்டும்தான்.

ராக்பாக்ஸ் போட்ட, ஃபேட்32 முறையில் உள்ள ஐபாட் என்றால் ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி இணைப்பான் வைத்துச் செருகி, பென் டிரைவில் போடுவதைப் போலவே பாட்டைப் போடலாம். சில போன்கள் ஏற்கும், சில ஏற்காது. ராக்பாக்ஸை முதலில் நிறுவ மட்டும் ஒரு கணினி வேண்டும்.

ஷஃபிள்?

திரை இல்லாத சிறியது. இதற்கும் பட்டியல் உண்டு, 'ஐடியூன்ஸ் எஸ்டி' என்ற வேறு வகைப் பட்டியல். பாட்டுகளைப் போட்டுவிட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதும் சிறு நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய இரண்டு தலைமுறைகளுக்கு ஒன்று, பின்னால் வந்தவற்றுக்கு பைத்தானில் எழுதிய இன்னொன்று. ஒவ்வொரு முறை பாட்டு சேர்க்கும்போதும் அந்த நிரலை ஓட்ட வேண்டும், மறந்தால் பழைய பாட்டுகளே பாடும்.

ஆறாம், ஏழாம் நானோ? ஐபாட் டச்?

அந்த நானோக்களில் பூட்டு இன்னும் இறுக்கம். நேரத்தை வீணாக்காமல் ஐடியூன்ஸையே பயன்படுத்துங்கள். டச் கிட்டத்தட்ட ஐபோன்தான். அதில் விஎல்சி செயலியைப் போட்டு வைஃபை வழியாகப் பாட்டு அனுப்பலாம்.

இந்த உயரத்தில், இந்தக் குளிரில் ஹார்டு டிஸ்க் கெட்டுவிடாதா?

கேள்வி விளையாட்டல்ல. ஹார்டு டிஸ்கில் படிக்கும் முனை வட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படுகையின்மேல் மிதக்கிறது. காற்று மெலிந்தால் முனை இறங்கி உரசும். ஆகவே ஐபாட் கிளாசிக்குக்கு 3,000 மீட்டர் உயரம் வரை என்று ஆப்பிளே எல்லை குறித்திருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். எங்கே ஏறினாலும் எல்லைக்குள்தான் இருப்பீர்கள்.

குளிரைக் காட்டிலும் ஈரம்தான் எனக்குப் பயம். இயங்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்று இருக்கிறது; மார்கழி இரவில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதுபோல் தெரியும், சூடானதும் திரும்பிவிடும். ஆனால் மன்னவனூரிலிருந்து பனிமூட்டத்தில் வண்டியோட்டி வந்து, சில்லிட்ட ஐபாடை அடுப்படிச் சூட்டில் வைத்து உடனே இயக்காதீர்கள். மூக்குக் கண்ணாடியில் படிகிற அதே நீர் உள்ளேயும் படியும். ஒரு மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும்.

மலைப்பாதைக் குலுக்கலுக்கு ஐபாட் ஓரளவு தாங்கும். பாட்டை மொத்தமாக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு டிஸ்கை நிறுத்திவிடும். 30 ஜிபி ஐந்தாம் தலைமுறையில் அந்த நினைவகம் 32 எம்பி. எம்பி3 என்றால் ஐந்தாறு பாட்டு கொள்ளும், ஃபிளாக் என்றால் ஒன்றுதான். வத்தலக்குண்டு வளைவுகளில் ஃபிளாக் கேட்டுக்கொண்டு போனால் டிஸ்க் அடிக்கடி எழுந்து சுற்றும். பயணத்துக்கு எம்பி3 போதும். பஸ் இரைச்சலில் எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதில் கோடை பண்பலை கேட்க முடியுமா?

2009-இல் வந்த ஐந்தாம் நானோவிலும் அதற்குப் பின் வந்த நானோக்களிலும் எஃப்எம் உண்டு. இயர்போன் கம்பிதான் ஏரியல், ஆகவே அதைச் செருகியிருக்க வேண்டும். 100.5-இல் வையுங்கள். இதற்கு ஐடியூன்ஸும் வேண்டாம், ராக்பாக்ஸும் வேண்டாம், இந்தப் பக்கமும் வேண்டாம்.

கேபிளைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

'வெளியேற்று' கொடுத்து, கணினி சரி என்ற பிறகு கழற்றுங்கள். இங்கே மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர். பேட்டரி செத்த மடிக்கணினியில் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அட்டை பாதியில் கிழிந்ததுபோல் ஆகிவிடும். பாட்டுகள் இருக்கும், பட்டியல் இருக்காது. ஐடியூன்ஸ் டிபி கோப்பை அவ்வப்போது வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

கடையில் கொண்டுவந்தால் பாட்டு ஏற்றித் தருவீர்களா?

ஐபாடைச் சரிசெய்து தருவேன், ராக்பாக்ஸ் போட்டுத் தருவேன். பாட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், பென் டிரைவில் கொண்டுவாருங்கள். வரும்போது அந்த அகலமான 30 பின் கேபிளையும் மறக்காமல் எடுத்துவாருங்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் கழுத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியது.